கிணற்றுக்குள் வாசித்தவன்

எனக்குப் பாட்டென்றாலே ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், மேடம். பொய். அடுப்படியில் ரேடியோ பாடாமல் எனக்குக் கை ஓடாது.

என் தம்பி மாரிக்கண்ணனுக்குப் பிறவியிலேயே பேச்சு வராது. காது நன்றாகக் கேட்கும். ஆறு துளை போட்ட தகரக் குழல் ஒன்றைத் திருச்சுழித் திருவிழாவில் வாங்கிவந்தான். அன்றிலிருந்து அதுதான் அவன் வாய். விட்டுவிட்டுக் குட்டையாக ஊதினால் பசி. நீளமாக ஒன்று, அதன் வாலில் குட்டையாக ஒன்று ஊதினால் அக்கா, அதாவது நான். இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த பாஷை. ஊராருக்கு அவன் என்ன ஊதினாலும் பாட்டுத்தான்.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே இவனை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அப்பாவுக்கு எரிச்சல். "வாயில்லாதவனுக்குக் கச்சேரி ஒண்ணுதேன் கொறச்சல்" என்று குழலைப் பிடுங்கி எறிந்தார். அதைப் பொறுக்கிக்கொண்டவன், அதன்பிறகு தோட்டத்து வறண்ட கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து வாசித்தான். பாதிவரை படிக்கல், அதற்குக் கீழே மூங்கில் ஏணி. சுற்றிலும் கருவேலங்காடு. சத்தம் ரோடு வரை வரும், ஆள் தெரியாது.

காரியாபட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டோடு நான் போனபோது எல்லா முகமும் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. இவன் வாசித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமலே டம்ளரை எடுத்தார். போகும்போது அவர் அம்மா, "தம்பி என்னமா வாசிக்கிது" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு பதிலும் வரவில்லை. நான் கோபப்படவில்லை. எனக்குக் கோபமே வராது, அம்மாவைக் கேளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் ராமேஸ்வரம் கிளம்பிய அன்று அவன் கிணற்றில் இறங்கினான். அவன் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் ஏணியை மேலே இழுத்துப் புதருக்குள் போட்டேன். கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கட்டும் என்றுதான்.

சாயங்காலம் ஆடு ஓட்டிவந்த சோணைமுத்து மாமா நின்றார்.

"ஏத்தா நாகஜோதி, ஒன் தம்பி என்ன ஒரே மெட்டையே திருப்பித் திருப்பி ஊதுறான்?"

"புதுசாப் பழகுறான் மாமா."

"நல்லாத்தேன் இருக்கு. மனசைப் பிசையிது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பஸ்ஸுக்கு நின்றவர்களும் ரசித்துக் கேட்டார்கள். ஒருத்தி போனில் பதிவு செய்தாள். சற்றுமுன் இதே ஸ்டேஷனில் எனக்குப் போட்டுக் காட்டினீர்களே, அதுதான். கீழே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று எனக்குத் தெரியும். வெயிலும் அப்படி. போகப்போக நீளமாக ஊத அவனுக்கு மூச்சு இல்லை. அப்பா அம்மா திரும்புவதற்குள் குழல் ஓய்ந்துவிட்டது.

பசி என்று அவன் ஒருமுறைகூட ஊதவில்லை. ஊரே நின்று கேட்ட குழலில் என்னை மட்டும்தான் கூப்பிட்டான். வேலியோரம் உட்கார்ந்து கடைசிவரை கேட்டேன். பாட்டுப் பிடிக்காதவள் அப்படிக் கேட்பாளா, நீங்களே சொல்லுங்கள்.