நின்றுவிட்டது என்று பொய் சொல்லாத நிரலை எழுதியவருக்கு

கட்டளை கேட்டுக் கடமை செய்யும் கருவிக்குக் கண்ணும் காதும் கொடுத்தவரே, பிறர் பிழையைப் பெரிதாக்காமலும் தன் பிழையைத் திரையிட்டு மூடாமலும் வாழ்ந்தவரே, முப்பத்தொரு ஆண்டுகள் இந்தச் சாயத் தொழிற்சாலையின் மாடியறையில் முதுகு வளைய உட்கார்ந்து, கீழே ஆள் நுழையும் அளவுள்ள சாய டிரம்மோடு மாரடிக்கும் எங்கள் உயிருக்குக் காவல் இருந்தவரே, எங்கள் கம்ப்யூட்டர் அம்மா அவர்களே, வணக்கம்.

பணி ஓய்வு பெறும் உங்களைப் பாராட்ட எல்லாப் பிரிவினரும் கூடியிருக்கிறோம். மடல் எழுதும் பொறுப்பு டிரம் கழுவும் பிரிவுக்கு வந்தது. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நாங்கள். அடைமொழி எங்களிடம் அதிகம் இல்லை. மேலே இருப்பதே இரண்டு நாள் உழைப்பு. இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம்.

சம்மதம் கேட்க மாடிக்கு வந்தபோது நீங்கள் சொன்னது ஒன்றுதான். "உயரக்காரர் விஷயத்த விட்டுட்டு எழுதுறதா இருந்தா எழுதவே வேணாம்." ஆகவே எங்களோடு டிரம் கழுவிய உயரக்காரருக்கு நடந்ததையும் விடாமல் எழுதுகிறோம்.

உங்கள் உழைப்பு எது என்று வெளியார் கேட்டால், சி என்ற கணினி மொழியில் நீங்கள் எழுதிய ஷெல் என்னும் நிரலைக் காட்டுவோம். இயக்குபவர் திரையில் ஒரு கட்டளை அடிப்பார். ஷெல் அதை வாங்கி, சொல் சொல்லாகப் பிரித்து, அந்த வேலைக்கென்று ஒரு பிள்ளை நிரலைப் பெற்று ஏவிவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கும். பிள்ளை உயிரோடு இருக்கும்வரை டிரம் ஓடும். இடையில் நிறுத்த வேண்டுமென்றால் கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். அதற்குக் குறுக்கீடு என்று பெயர், நாங்கள் நிறுத்தம் என்போம். பிள்ளை சாகும், டிரம் நிற்கும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு தொல்லை இருந்தது. நிறுத்தத்தை அழுத்தினால் பிள்ளையோடு தாயான ஷெல்லும் சேர்ந்து சாகும். திரை இருண்டுவிடும், மறுபடி கிளப்பக் கால் மணி நேரம். மேனேஜர் தினமும் மாடியேறி வந்து உயிரை எடுத்தார். நீங்கள் ஒரே வரியில் தீர்த்தீர்கள்: குறுக்கீடு வந்தால் ஷெல் காதைப் பொத்திக்கொள்ளும். டிரம் ஓடாத வெறும் திரையில் அழுத்திச் சோதித்தீர்கள், ஷெல் சாகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை எல்லாத் திரைக்கும் அதை ஏற்றினீர்கள்.

காதைப் பொத்திய தாய்க்குப் பிறக்கும் பிள்ளையும் காதைப் பொத்தியபடியேதான் பிறக்கும். ஏவும் முன் அதன் காதைத் திறந்துவிட இன்னொரு வரி எழுத வேண்டும். அந்த வரியை நீங்கள் எழுதவில்லை.

அன்று மதியம் ஐந்தாம் டிரம்முக்கு இயக்கும் அறையில் உட்கார்ந்திருந்தவர் ஒற்றைவிரல். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே தட்டித் தட்டி அடிப்பதால் நாங்கள் வைத்த பெயர். கழுவும்போது டிரம் பத்து நிமிடம் சுற்றும், நாலு நிமிடம் ஓயும், மறுபடி தானாகச் சுற்றும். ஓய்வில் உள்ளே ஏதாவது சிக்கியிருந்தால் கழுவுபவர் இயக்கும் அறைக் கண்ணாடிக்கு நேரே வந்து நிற்பார். இயக்குபவர் நிறுத்தத்தை அழுத்திவிட்டுக் கையைத் தூக்குவார். கை தூக்கினால் உள்ளே போகலாம். இருக்கிற சத்தத்தில் பேச்செல்லாம் எடுபடாது. எங்களுக்குள் இதுதான் வழக்கம்.

உயரக்காரர் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றார். உள்ளே தூரிகை மாட்டிக்கொண்டதென்று சைகை காட்டினார். ஒற்றைவிரல் அழுத்தினார். எட்டு வருடப் பழக்கம், அழுத்திய கை அப்படியே மேலே போய்விட்டது. உயரக்காரர் குனிந்து உள்ளே நுழைந்த பிறகுதான் அவர் திரையைப் பார்த்தார். அடுத்த கட்டளை கேட்கும் வரி வரவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும். அவசரத்துக்கென்று சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானுக்கு ஓடினார். அதன் கம்பி அறுந்து ஆறு மாதமாகியிருந்தது. அவர் திரும்புவதற்குள் டிரம் சுற்றத் தொடங்கிவிட்டது. யாரோ மெயினை இறக்கினார்கள். அதில் திரையும் அணைந்தது. அவர் அழுத்தியதற்குத் தடயமே இல்லாமல் போனது. டிரம்முக்குள் இருந்ததை எழுதவில்லை. அதைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள்.

நாலாம் நாள் ஆலையிலேயே விசாரணை. அதிகாரியிடம் மேனேஜர் சொன்னார்: "ஒத்த விரல்ல அடிக்கிறவன் சார் அவன். ரெண்டு விசைய எப்படிச் சேர்த்து அழுத்துவான்? மொதல்ல கைய தூக்கிட்டான், அப்புறம்தான் விசைய தேடியிருக்கான்." அழுத்தாமல் கை தூக்கியதாக முடிவானால் ஒற்றைவிரலுக்குச் சிறை.

வெளியே பெஞ்சில் ஒற்றைவிரல் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நாலு நாள் இதையே கேட்டுக் கேட்டு அவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

"அழுத்தினேனா இல்லையான்னு எனக்கே தெரியலடி."

"வாய மூடுங்க. உள்ள போய் இப்படி உளறித் தொலைக்காதீங்க."

உயரக்காரரின் மனைவி நடந்து வந்து அவர் முன் நின்றார். அழவில்லை. "தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ கைய தூக்குறதுக்கு முன்னாடி அழுத்தினியா?"

அவர் தலை நிமிரவில்லை. சாட்சி சொல்லப் படியிறங்கிக்கொண்டிருந்த நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டு நின்றீர்கள். அப்படியே திரும்பி மேலே போனீர்கள்.

மேலே நடந்ததை உங்களோடு இருந்த மின்பணியாளர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மெயினை ஏற்றச் சொன்னீர்கள். ஆளில்லாத டிரம்மை ஓடவிட்டு நிறுத்தத்தை அழுத்தினீர்கள். நிற்கவில்லை. பதினோரு தடவை அழுத்தினீர்களாம். அதற்குள் மேனேஜர் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"இந்த ஷெல்ல இன்னும் மூணு ஆலைக்கு வித்திருக்கோம்மா. சத்தமில்லாம ஒரு வரிய சேர்த்துடுங்க."

"சேர்க்கிறேன் சார். மொதல்ல அவங்க பாக்கட்டும்."

"எதுக்கு உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்குறீங்க? புள்ளக்குட்டிக்காரங்க நீங்க."

"அவருக்கும் புள்ள இருக்கு சார். அவரு அழுத்தியிருக்காரு. கோட்டை விட்டது நான்."

அதிகாரியை இயக்கும் அறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தீர்கள். "நீங்களே அழுத்திப் பாருங்க." அவர் ஒரு கையால் அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் வெறும் டிரம் ஓய்ந்து, மறுபடி சுற்றியது.

"இது எப்பத்தான் நிக்கும்?"

"தானா முடிஞ்சாத்தான் சார். நாப்பது நிமிஷம் ஆகும்."

மெயினை இறக்க வேண்டாம் என்றார் அதிகாரி. நாற்பது நிமிடமும் உட்கார்ந்து பார்த்தார். ஒற்றைவிரலும் அவர் மனைவியும் பார்த்தார்கள். உயரக்காரரின் மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தார். நீங்கள் சுவரோரம் நின்றீர்கள். யாரும் உங்களை உட்காரச் சொல்லவில்லை.

ஒற்றைவிரல் வீட்டுக்குப் போனார். மற்ற மூன்று ஆலைக்கும் அன்றே நீங்கள் போன் செய்து டிரம்முக்குள் யாரும் இறங்க வேண்டாம் என்றீர்கள். பதவியில் உங்களை இரண்டு படி கீழே இறக்கினார்கள், இன்றுவரை ஏற்றவில்லை. சிவப்புப் பொத்தானின் கம்பியை ஆறு மாதம் அப்படியே விட்ட மேனேஜருக்குத் தலைமை அலுவலகத்தில் ஜன்னல் வைத்த அறை கிடைத்தது.

பிறகு நீங்கள் எழுதிய ஷெல் எதையும் சும்மா நம்பாது. கோப்பைத் திறக்கச் சொன்னால் திறந்ததா என்று கேட்கும். பிள்ளையைப் பெற்றால் பிறந்ததா என்று பார்க்கும். காதைத் திறந்துவிட்டுத்தான் ஏவும். காத்திருக்கும்போது குறுக்கீடு வந்து எழுப்பினால், வேலை முடிந்துவிட்டதென்று எண்ணிக்கொள்ளாமல், எழுந்த காரணத்தைப் பார்த்து மறுபடி காத்திருக்கும். பிள்ளை செத்ததா, மோட்டார் ஓய்ந்ததா, இரண்டையும் பார்த்த பிறகே வாய் திறக்கும்.

அது பேசும் பேச்சையும் எங்களிடம் கேட்டே எழுதினீர்கள். முன்பெல்லாம் பிழை என்றால் திரையில் ஒரு எண் வரும், அவ்வளவுதான். நீங்கள் முதலில் எழுதிக்கொண்டு வந்ததும் எங்களுக்கு ஏறவில்லை.

"அம்மா, 'செயல்முறை நிறைவுறவில்லை'ன்னா என்னம்மா?"

"இன்னும் நிக்கலன்னு அர்த்தம்."

"அப்ப அதையே எழுதிட்டுப் போங்களேன். இதுக்கு எதுக்குக் கோட்டு சூட்டெல்லாம்?"

நீங்கள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்று ஒருமுறைதான். அப்படி வந்தவை மூன்று வாசகங்கள். "நின்றுவிட்டது. உள்ளே போகலாம்." "இன்னும் நிற்கவில்லை. யாரும் உள்ளே போகக் கூடாது." "நின்றதா என்று தெரியவில்லை. மெயினை இறக்குங்கள்." எங்களில் பலர் எழுத்துக் கூட்டியது இந்த மூன்றில்தான். மூன்றாவதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மேலதிகாரி ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

ஒற்றைவிரல் அதே நாற்காலிக்குத் திரும்பினார். திரையில் வந்ததை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையைத் தூக்குவார். உங்களைக் கண்டால் அவர் எழுந்து நிற்பார். அவரைக் கண்டால் நீங்களும் எழுந்து நிற்பீர்கள். இத்தனை வருடத்தில் இருவரும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

பத்தொன்பது ஆண்டுகளாக எந்த டிரம்மும் எங்களில் யாரையும் கொண்டுபோகவில்லை. இது உங்களுக்கு ஆறுதல் என்று எழுத வந்தோம். எழுதிப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை, அந்த வார்த்தையை அடித்துவிட்டோம்.

பொறுப்பைத் தோளில் சுமந்தவரே, பொய்க்குப் புகலிடம் தராதவரே, முதுகுவலி குறைந்து, கண்ணெரிச்சல் தணிந்து, வேளைக்கு உண்டு, அயர்ந்து உறங்கி, உடல்நலத்தோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.

இவ்வளவும் எழுதி ஒவ்வொரு பிரிவாகக் கையெழுத்து வாங்கப் போனோம். உயரக்காரரின் மனைவி இப்போது துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"நெடுங்காலம் வாழணும்னு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கோம்க்கா. வேணாம்னா எடுத்துடறோம்."

"இருக்கட்டும். அன்னைக்கு நான் கேட்டதுக்குப் பதில் சொன்னது அவங்க ஒருத்தங்கதான். அதை மறக்க மாட்டேன். நல்லா இருக்கட்டும். ஆனா கையெழுத்து மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

அவர் சொன்னதை அவர் அனுமதியோடு எழுதியிருக்கிறோம். அவருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போது அதை வெட்டிவிட வேண்டாம்.

உங்கள் மேல் மாறாத மதிப்புடன்,

டிரம் கழுவும் பிரிவு, நாற்பத்திரண்டு பேர்
இயக்கும் அறை, பதினோரு பேர்
மின்பணிப் பிரிவு, ஆறு பேர்
துணி மடிக்கும் பிரிவு, இருபத்தாறு பேரில் இருபத்தைந்து பேர்