பதினாறாவது கட்டம்

"ஹலோ... ஆங், சொல்லுங்க தேவநாதண்ணே... பஸ்ல இருக்கேன்... ஆமா, ஆமா, கடலூர்லேந்து சிதம்பரத்துக்கு. புதுச்சத்திரம் தாண்டியாச்சு... என்னது, ரெண்டு பேரு பேரும் ஒண்ணாவா? ...ஐயோ!"

வினோதினிக்குச் சரியான தூக்கமில்லை. கிள்ளைக் கோயில் தீமிதிக்கு உபயதாரர் பெயர்கள் இங்கிலீஷில் ஓடும் லைட் போர்டுக்கு அவள்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். அதில் பெரியப்பா செந்தமிழ்செல்வன் பெயரும் அப்பா தங்கராசு பெயரும் இடைவெளியே இல்லாமல் ஒரே பெயராக ஓடுகிறதாம். வரப்புத் தகராறில் முகம்கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பி! ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது.

"...நான் வேணும்னா சேத்தேன்? அப்பாவே அப்புடிச் சொல்றாரா? ...நல்லாருக்கு போங்க... கேளுங்கண்ணே. ஒரு பேருக்குப் பதினாறு கட்டம். பெரியப்பா பேரு இங்கிலீஷ்ல சரியா பதினாறு எழுத்து. பேரு முடிஞ்சுதுன்னு சொல்ல கடைசியில ஒரு சைபர் வேணும், அதுக்கு எடமில்ல. அதான் நிக்காம அப்பா பேருக்குள்ள போயிடுது... இல்லண்ணே, கட்டத்தப் பெருசாக்க முடியாது, சிப்பு ரொம்பிடுச்சு... ஒரே வழி, பெரியப்பாவோட கடைசி எழுத்த எடுத்துட்டு அங்க சைபர் போடணும்... கேட்டுப் பாருங்க... ம்... பெரியப்பா கத்துறது காதுல விழுது, விழுது. ஒத்த எழுத்தத் தொடக் கூடாது, அவ்ளோதானே? அப்ப அப்புடியே ஓடட்டும், விடுங்க. எனக்குத் தெம்பில்ல."

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். ஆனால் தேவநாதன் சும்மா இருக்கிற ஆளா? கோயில் லைட் போர்டை ஓட்டும் எலக்ட்ரீசியன், கையில் லேப்டாப் வேறு.

"...என்ன பண்ணீங்க? நீங்களே சைபர் போட்டீங்களா? எத்தனாவது கட்டத்துல? ...பதினாறுலயா போட்டீங்க? ஐயோ அண்ணே, கம்ப்யூட்டரு சைபர்லேந்துல்ல எண்ணும்! கடைசி எழுத்து பதினஞ்சு. பதினாறுன்னா அது அப்பாவோட மொத எழுத்து... ஆமா, ஆமா, மொதல்லயே சைபர் வந்தா அப்பா பேரே வராது... சுத்தமா காணோமா? ...அப்பா கத்துறாரா? ...கத்தலையா? பின்ன எங்க? ...பந்தல் ஓரமா, தனியாவா..."

வினோதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"...யாரு? ...பெரியப்பாவா? போனைக் கேக்குறாரா? ...வேணாம்ணே, வேணாம்... ஹலோ... பெரியப்பா... ம், வினோதினிதான்... நல்லாருக்கேன்... இல்ல பெரியப்பா, சத்தியமா வேணும்னு பண்ணல... எத எடுக்க? ...உங்க எழுத்தையா? ...பேரு கொறையா நிக்குமே பெரியப்பா, ஊரே பாக்குமே... சரி... சரி பெரியப்பா... அழல, பஸ்ஸு சத்தம்... தேவநாதண்ணன்கிட்ட குடுங்க... அண்ணே, பதினாற எடுத்துட்டுப் பதினஞ்சு போடுங்க... ஆமா, அவரே சொல்லிட்டாரு... வந்துருச்சா? ரெண்டும் தனித்தனியா? ...அப்பா பாத்தாரா? ...எந்திரிச்சு வந்துட்டாரா? என்னவாம்? ...அண்ணன் பேருல ஏன் ஒரு எழுத்து கொறையுதுன்னா? ...உங்கள அடிக்க வர்றாரா?"

வினோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"...அத அவுங்க அண்ணன்கிட்டயே போயிக் கேக்கச் சொல்லுங்க... ஆமா, நான் சொன்னேன்னே சொல்லுங்க. வைக்கிறேன்ணே, நான் தூங்கணும்."