திரும்பப் பாடச் சொன்னது

"செத்தவீட்டில போய்க் கைதட்டின மாதிரி, அம்மா."

வெக்ஸ்போர்ட் நிறுத்தத்தைத் தாண்டிய பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் செலோ வாத்தியத்தை அணைத்தபடி இருந்த பெண் சொன்னாள். ஹங்கேரியில் ஓர் இசையமைப்பாளர் பிறந்த ஊருக்குத் தன் இசை வகுப்போடு போய் வந்திருக்கிறாள்.

"ஆர் செத்தது?" என்றார் பக்கத்தில் இருந்த தாய்.

"அங்க ஒரு மனிசி எங்களுக்குப் பாடிக் காட்டினவ. அந்த ஊர்ப் பாட்டுகளைக் கேட்டுத்தான் அந்த இசையமைப்பாளர் மியூசிக் எழுதினவராம். எல்லாரும் கைதட்டினம். என்ர ஃபோனில ரெக்கோர்ட் ஆகேல்லை. திரும்பப் பாடச் சொல்லி நான்தான் கேட்டனான்."

"பாடினாவோ?"

"ஓம். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கப் பாடினா. பிறகுதான் எங்களோட வந்த மொழிபெயர்ப்பாளர் விளங்கப்படுத்தினார், அது ஒப்பாரியாம். தன்ர மகன்ர செத்தவீட்டில பாடினதாம்."



"மன்னிப்புக் கேட்டனியோ?"

"கேட்டனான். அவ என்ர கையைத்தான் தடவிவிட்டா."

"பிறகென்ன பிள்ளை?"

அவள் குரல் இறங்கியது. "ரெண்டாந்தரம் பாடேக்க எடுத்த ரெக்கோர்டிங்கை அழிச்சிருக்க வேணும். அழிக்கேல்லை. ஒவ்வொரு நாளும் போட்டுக் கேக்கிறன், அம்மா. அவ்வளவு வடிவாய்க் கிடக்கு."