ஈரம் தெரியாத கண்ணாடி

ஐயா, முதலில் ஒரு சின்ன விஷயம். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைக்காதீர்கள். காதுப் பக்கத்துத் தண்டுகள் அகன்றுபோய், அப்புறம் குனிந்தாலே மூக்கிலிருந்து வழுக்கும். விளையாட்டு வீரர்களுக்கான குளிர்கண்ணாடி விற்கும் கடை என்னுடையது. யாரைப் பார்த்தாலும் இதுதான் முதலில் கண்ணில் படுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செத்துப்போன என் சகலையைப் பற்றிக் கேட்டீர்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நல்ல மனிதர். சைக்கிள் ஓட்டுவார். ஓட்டுவார் என்றால் பால் வாங்கப் போவதில்லை. உடம்போடு ஒட்டிய சட்டை, ஒரு விரலால் தூக்கக்கூடிய சைக்கிள், பாதி முகத்தை மூடும் குளிர்கண்ணாடி. தினமும் காலையில் குன்றின் மேல் ஏறி, நீரேற்று நிலையத்து வளைவு வழியாக அம்பு மாதிரி இறங்குவார். இறங்கிய பிறகும் அந்தக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கல்யாணப் புகைப்படத்தில் கண்ணாடி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், டியூப்லைட்டுக்கு அடியில், கண்ணாடி. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலருகே நின்றதும் அதே கோலத்தில்தான். அந்த வார்டில் வெயில் அடித்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கண்ணாடியை அவருக்குக் கொடுத்ததும் நான்தான். ரசம் பூசிய லென்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் கண் தெரியாது. அவரிடம் பேசினால் இரண்டு லென்ஸிலும் நான்தான் தெரிவேன், பக்கத்துக்கு ஒருவனாக, குட்டையாக, தொப்பையோடு. பேசி முடிக்கும்வரை என்னையே நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த மனிதனால் முடியும், சொல்லுங்கள்?

"என்ன சகலை, இன்னைக்கும் கண்ணாடி தொடைக்கிறதுதானா? ஒரு நாள் என்கூட மேல ஏறி வாங்க, தொப்பை கரைஞ்சிடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பாள். நானும் சிரித்தேன். எனக்கு வயிற்றெரிச்சல் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எதுவும் கிடையாது.

போன மாதம் லென்ஸில் கீறல் விழுந்துவிட்டது என்று மாற்ற வந்தார். இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். போலரைஸ்டு என்று ஒரு லென்ஸ் உண்டு. தண்ணீரிலும் ஈரத் தரையிலும் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை அது வெட்டிவிடும். மீன் பிடிக்கிறவர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தண்ணீருக்குள் இருக்கும் மீன் தெளிவாகத் தெரியும். சைக்கிளில் வேகமாகக் குன்று இறங்குகிறவர்களுக்கு மட்டும் நான் அதைக் கொடுக்க மாட்டேன். அவர்களுக்கு அந்தப் பளபளப்புதான் எச்சரிக்கை. அது போய்விட்டால் ஈரச் சாலையும் காய்ந்த சாலையாகத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் இதற்கும் அவருடைய பழைய லென்ஸுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதே நீலம், அதே மினுமினுப்பு.

நான் போலரைஸ்டைப் பொருத்தினேன். உயர்ந்த ரகம். மட்டமான சரக்கைத் தலையில் கட்டினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவர் போட்டுப் பார்த்தார். "சகலை, ஊரையே கழுவி விட்ட மாதிரி இருக்கு! உங்களை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?" என்று தோளில் தட்டினார். லென்ஸுக்குள் நாங்கள் இரண்டு குட்டையர்களும் ஒன்றாகக் குலுங்கினோம்.

அவர் வளைவில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்த அன்றைக்கு மழையே இல்லையே, அங்கே தண்ணீர் எப்படி வந்தது என்கிறீர்கள். நியாயமான கேள்வி. விடிந்த கையோடு நான் காரில் போனேன். நீரேற்று நிலையத்து வாசல் குழாயில் வாளி வாளியாகப் பிடித்து வளைவில் ஊற்றினேன். கூடவே கடையில் லென்ஸ் கழுவும் சோப்புத் திரவத்தையும் கலந்துகொண்டேன். சாலையைக் கழுவுவது குற்றம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த வளைவின் ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கடையைத் திறந்து, எப்போதும்போலக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கோட்டைவிட்டது ஒரே இடத்தில்தான். கண்ணாடியைக் கையில் எடுத்தவன் அதைப் போட்டுப் பார்க்காமல் கீழே வைக்க மாட்டான். இதைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவன் நான். போலீஸ்காரரும் மனிதர்தான் என்பது எப்படியோ மறந்துவிட்டது. பள்ளத்தில் சகலை சிதைந்து கிடந்தார். கண்ணாடி மட்டும் உடையவில்லை, எங்கள் சரக்கு அப்படி. நீங்கள் அதைப் போட்டுக்கொண்டு, அழகு பார்க்கச் செல்போனை நீட்டியிருக்கிறீர்கள். பக்கவாட்டில் திருப்பியதும் திரை இருண்டுவிட்டது. போலரைஸ்டு வழியாகப் பார்த்தால் அப்படித்தான் ஆகும். நீங்களோ போன் கெட்டுவிட்டது என்று ரிப்பேர் கடைக்குப் போனீர்களாம். "சார், முதல்ல அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாராம் கடைக்காரர். அது போலரைஸ்டு என்று தெரிந்ததும், சைக்கிள்காரருக்கு இதை யார் பொருத்தியது என்று கேட்டு என் கடைக்கு வந்துவிட்டீர்கள். இத்தனை வருஷத் தொழில் எனக்கு, மாட்டிக்கொண்டதோ உங்கள் அழகால்.

சற்று முன்னால் என் மனைவியும் அவள் தங்கையும் வந்து நின்றார்களே, பார்த்தீர்கள். "உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று மனைவி கேட்டாள். ஈரம் இருந்தது, நானே வாளியில் கொண்டுபோய் ஊற்றினேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

தங்கை அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "அவருக்கு மாறுகண் அத்தான். சின்ன வயசுல பட்ட கேலியில யாரு முகத்தையும் நேரா பாக்க மாட்டார். 'சகலைக்கு மட்டும் தெரியும், தெரிஞ்சும் ஒரு நாள்கூட கேட்டதில்லை, கண்ணு தெரியாத கண்ணாடியா தேடிப் பாத்துக் கொடுக்கிறார்'னு உங்களைப் பத்திதான் பெருமையா சொல்லிக்கிட்டிருப்பார்."

எனக்குத் தெரியாது, ஐயா. நான் கண்ணாடி விற்கிறவன், கண்ணைப் பார்க்கிற வைத்தியன் இல்லை. நான்தான் செய்தேன், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் ஒன்று. ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்தானே நாங்கள்? சாப்பிடும்போதாவது அதைக் கழற்றி வைத்திருக்கலாம்.