கத்தரிச்ச அட்டை

இல்லீங்கண்ணா, தர மாட்டேனுங்க. நாலு மாத்திரை என்னங்க, ஒண்ணு கூடக் கெடையாது. அக்காவுக்கு வவுறு எரியுதுன்னா ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டருகிட்டக் காட்டுங்க. போன தடவ குடுத்தேனா? குடுத்திருப்பேனுங்க. நாகலூர்ல இந்த மெடிக்கல்ல பதினொரு வருசமா நிக்கறேன், யாருக்குத்தான் குடுக்கல.

கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரங் கெடக்குது, சித்த அந்த ஸ்டூல்ல உக்காருங்க.

இந்த டிராயரப் பாருங்க. பூராக் கத்தரிச்ச அட்டைங்க, கிருமியக் கொல்லற மாத்திரைங்க. காச்சலா, ரெண்டு. பேதியா, மூணு. பல்லு வலியா, அதே மாத்திரைல ரெண்டு. எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிச்சுட்டு, அந்தப் பிசுக்கு ஒட்டுன கையோடயே வந்து நீட்டுவாங்க, நானும் கத்திரிய எடுப்பேன். முதலாளி வேற, கேட்டதக் குடுத்து அனுப்பும்மா, கேள்வி கேட்டா அடுத்த கடைக்குப் போயிருவாங்கம்பாரு. இப்பெல்லாம் அந்தக் கத்திரியத் தொடறதே இல்லீங்க. கருமம்.

என்னாச்சுங்கறீங்களா? எங்க ஊட்டுக்காரரு காளியண்ணனத் தெரியுமில்லீங்களா, எஸ்டேட்டு ஜீப் ஓட்டுறவரு. தை மாசம் ஒரு நாள் கக்கூஸ்ல இருந்து கூப்புட்டாரு. போய்ப் பாத்தா, தாரு ஊத்துன மாதிரிக் கன்னங்கரேல்னு கெடக்குது. அந்த நாத்தம் இன்னமும் மூக்குலயே நிக்குதுங்க. சேலத்துக்குக் கொண்டு போனோம். வாய் வழியாக் கொழாய உட்டுப் பாத்துட்டு, எரப்பைல புண்ணு, ரத்தங் கசிஞ்சுதான் அப்படிக் கறுத்துருக்குது, புண்ணுல கிருமி குடியிருக்குதுன்னாரு டாக்டரு. பதினாலு நாளைக்கு மருந்து. வேளை தவறாமத் தின்னாருங்க. வாயெல்லாம் துருப்புடிச்ச ஆணியச் சப்புன மாதிரி இருக்குதுன்னு சோத்தத் தள்ளி வெச்சுட்டு, மாத்திரைய மட்டும் முழுங்குனாரு. முடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆனப்பொறவு, ஒரு பைல மூச்ச ஊதச் சொல்லிச் சோதிச்சாங்க. கிருமி அப்படியே இருக்குது.

அந்த மருந்துக்கெல்லாம் அது பழகிப் போச்சாமா. சாகறதில்ல. முன்னெல்லாம் நல்லாக் கேட்ட மருந்து இப்ப நொம்பப் பேருக்குக் கேக்கறதில்லையாமா. இப்ப வேற மருந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை. வாந்தி வாந்தியா எடுக்கறாரு, நாந்தான் பாத்திரத்தப் புடிச்சுட்டு நிக்கறேன். இதுவும் கேக்கலீன்னா அடுத்தது என்ன குடுக்கறதுன்னு யோசிக்கோணும்னு டாக்டரே சொல்றாரு.

கிருமி பழகற அளவுக்கு எங்க வாங்கித் தின்னாருங்கறீங்களா? எங்கியும் வாங்கலீங்கண்ணா. கத்தரிச்சது போக மிஞ்சற அட்டை, தேதி முடியப் போறதுன்னு இருக்குமில்லீங்களா, அதத் தூக்கிப் போட மனசு வராம நாந்தான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். அவுருக்கு நெஞ்சு எரிஞ்சா ரெண்டு, புளிச்ச ஏப்பம் வந்தா ரெண்டு. எரிச்சல் அடங்குனா நிறுத்திருவோம். ஆறேழு வருசமா இப்படித்தான். மருந்துக் கடைல இருக்கறவ, எனக்குத் தெரியாததான்னு ஒரு திமுரு. த்தூ.

டாக்டரு கேட்டாருங்க, இதுக்கு முன்னால இந்த மாத்திரையெல்லாம் டாக்டரு சீட்டில்லாம யாரு குடுத்தாங்கன்னு, நொம்பக் கோவமா. நானு பக்கத்துச் சேர்லதான் உக்காந்திருக்கறேன். எங்க ஊட்டுக்காரரு என்ற பக்கம் திரும்பவே இல்ல. ஜீப் ஓட்டப் போற எடத்துல ஏதோ ஒரு கடைல வாங்கித் தின்னேனுங்க, இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்கன்னாரு. டாக்டரு என்னப் பாத்து, நீயாச்சும் கண்டிக்கக் கூடாதாம்மான்னாரு.

நானு, இனிமே பாத்துக்கறேனுங்க சார்ன்னேன்.