ஒன்பது மீட்டர் வெள்ளை சிஃபான்

சிஃபான் வெட்டும்போது ஃபேன் ஓடக் கூடாது. ஜன்னலும் சாத்தியிருக்க வேண்டும். அறை ஏன் அப்படி மூடிக் கிடந்தது என்றுதானே முதலில் கேட்டீர்கள், மேடம், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். பருத்தித் துணி சொன்ன பேச்சைக் கேட்கும். மேசையில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும். சிஃபான் அப்படியில்லை. பக்கத்தில் நின்று ஒரு பெருமூச்சு விட்டால் போதும், ஓரம் நகர்ந்துவிடும். நகர்ந்தது தெரியாமல் வெட்டினால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, உடுத்துகிறவளின் இடுப்பே கோணலாகத் தெரியும். பழி தைத்தவள் தலையில்தான் விழும்.

இருபத்தாறு வருஷமாக வீட்டிலேயே தைக்கிறேன். சிஃபான், ஆர்கன்சா, நெட், இவை மட்டும்தான். திரைச்சீலை, பள்ளிச் சீருடை எல்லாம் தொடுவதில்லை. பெரிய கடைக்காரர்களே மெல்லிய துணி வந்தால் கைவைக்கப் பயந்து என்னிடம் கொடுத்தனுப்புவார்கள். உங்கள் காக்கிச் சட்டைக் கையைப் பார்த்தேன், மடிப்பில் நூல் பிரிந்திருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், கண் தானாக அங்கே போய்விடுகிறது.

இது தனி ஆள் வேலை இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் கத்திரியோடு நான், அந்தப் பக்கம் என் தங்கை. துணிக்கு அடியில் ஒரு மெல்லிய காகிதம், மேலே ஒன்று. இரண்டு ஓரத்தையும் அவள் விரல் நுனியில் பிடித்திருப்பாள். இழுக்கவும் கூடாது, தளரவும் கூடாது. நான் "ஆச்சு" என்று சொல்கிற வரை கையை எடுக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் சரி, வாசலில் யார் வந்து கத்தினாலும் சரி. ஒரு தடவை அவள் மணிக்கட்டில் குளவி கொட்டியது. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கை அசையவில்லை. நான் வளைவை முடித்து, "ஆச்சு" என்ற பிறகுதான் "ஐயோ அம்மா" என்றாள். அந்தக் கதையை வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொல்வேன். அவளும் சிரித்துக்கொண்டே தழும்பைக் காட்டுவாள்.

அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது, அவளுக்கு எட்டு. அப்பா அதற்கு முன்பே இல்லை. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. மூச்சில் மெல்லிசாக ஒரு சத்தம் வரும். அதனால் நான் வைத்த பேர் "விசில்". முப்பத்தாறு வயசிலும் அவள் எனக்கு விசில்தான். எந்த விசில் தானாக அடங்கும், எதற்கு மருந்து வேண்டும், எதற்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று டாக்டரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்ட காது இது.

இன்ஹேலர் ஏன் என் பையில் இருந்தது என்று கேட்டீர்கள். அது எங்கள் வீட்டு வழக்கம். துணி பிடிக்கிறவள் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பாக்கெட்டில் கடினமாக எதுவும் இருக்கக் கூடாது. மேசையில் சாயும்போது அழுத்தினால் துணியில் இழை இழுபட்டுவிடும். அதனால் இன்ஹேலர் என் ஏப்ரன் பைக்கு வந்துவிடும். முதல் விசில் கேட்டதும் நான் வேலையை நிறுத்தி அவள் வாயிலேயே வைத்து அழுத்திவிடுவேன். அவள் கை துணியிலேயே இருக்கும். இத்தனை வருஷத்தில் அவள் கேட்டு நான் கொடுத்ததே கிடையாது. கேட்கிற அளவுக்கு நான் விட்டதில்லை.

இப்போது அந்தக் கண்ணாடிக்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஊசியில் நூல் கோப்பது சிரமமாகிவிட்டது. வெளியே போய் நிற்க எனக்கு நேரமில்லை, என் மூக்குக் கண்ணாடியை மாற்றிவரச் சொல்லி அவளை அனுப்பினேன். நானே அனுப்பினேன், பாருங்கள். ஃபிரேம் சரியில்லை என்று நான் திருப்பி அனுப்ப, அவர் சரிசெய்து கொடுக்க, காது இடிக்கிறது என்று மறுபடி அனுப்ப, நாலு நடை ஆகிவிட்டது. நாலாவது நடையில் திரும்பி வந்தவள் முகமே வேறாக இருந்தது.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மனைவியை இழந்தவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். வீட்டுக்கு வந்தால் செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக விடுவார். "கல்யாணத்துக்கப்புறம் நீங்களும் எங்களோடயே வந்துடுங்க, பின்னாடி ஒரு ரூம் இருக்கு" என்று என்னிடமே சொன்னார். போய்ப் பார்த்தேன். நல்ல அறைதான். ஆனால் வெட்டு மேசை அதற்குள் நுழையாது. அதைச் சொன்னதும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியாமல் அவர்களுக்குள் ஒரு பார்வை. அதுவரை என் தங்கை எந்தப் பார்வையையும் என்னைத் தாண்டி யாரிடமும் கொடுத்தவள் இல்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு டப்பா கொண்டுவந்தார். உள்ளே நாலு கிளிப். மேசை விளிம்பில் மாட்டி, திருகினால் துணியைக் கவ்விக்கொள்ளும். பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினாராம், கவ்வுகிற வாயில் வெல்வெட் ஒட்டியிருந்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது.

என் தங்கை கைதட்டிவிட்டாள். "அக்கா, இனிமே உனக்கு ஆளே வேண்டாம். நீ பாட்டுக்கு வெட்டிக்கலாம்."

"நல்லா இருக்கு" என்றேன். வாங்கி அலமாரியில் வைத்தேன். நாலு கிளிப்பைக் கொடுத்துவிட்டு என் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறார். அதற்கு அவளே கைதட்டுகிறாள். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் "ஆச்சு" என்று சொல்வேன்? கிளிப்பிடமா?

கல்யாணத் துணியை அவரே எடுத்துக் கொடுத்தார். ஒன்பது மீட்டர் வெள்ளை சிஃபான். "உங்க கையாலதான் தைக்கணும்" என்றார். சொல்லாவிட்டாலும் நான்தான் தைத்திருப்பேன். என் தங்கையின் உடையை வேறு ஒருத்தி தொட விடுவேனா?

வெட்டுவதற்கு முன் இந்தத் துணிக்கு லேசாகக் கஞ்சி ஸ்பிரே அடித்துக் காயவைக்க வேண்டும். கொஞ்சம் விறைத்தால் அடங்கி நிற்கும். அந்தப் புகை இழுப்புக்காரர்களுக்கு ஆகாது, அதனால் எப்போதும் கொல்லையில் கொடி கட்டி அடிப்பேன். அன்றைக்கு உள்ளே அடித்தேன். வெளியே காற்று அதிகமாக இருந்தது என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அன்று இலைகூட அசையவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். சரி. அவர் சொல்வதுதான் சரி. காற்று இல்லை.

காலை பத்து மணி. வெளிச்சம் நன்றாக இருந்தது. அவள் மோதிரத்தைக் கழற்றினாள். அது அவர் போட்ட மோதிரம், கழற்றும்போது ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். இன்ஹேலரை என் பையில் அவளே போட்டாள்.

"உள்ளேயா அடிச்ச? வாசனை வருதே."

"காஞ்சிடுச்சு. பிடி."

"அந்தக் கிளிப்பை வேணா மாட்டிப் பாக்கலாமா?"

"உன் துணியைக் கிளிப்பை நம்பி வெட்டவா?"

அதற்குச் சிரித்தாள். "சரி சரி, கோணலா வெட்டிடாத. அப்புறம் அவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வந்து பாப்பார்" என்றாள். சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு நிமிஷத்தில் முதல் விசில் வந்தது. பழக்கத்தில் என் கை பைக்குள் போய்விட்டது. இன்ஹேலரைத் தொட்டேன். பிறகு கையை வெளியே எடுத்து, மறுபடி கத்திரியைப் பிடித்தேன்.

அவள் ஒரு தடவை என் பையைப் பார்த்துவிட்டு, மறுபடி துணியைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பாள். பிறகு, "அக்கா" என்றாள்.

"ம். கை அசையாம. வளைவுல இருக்கேன்."

"அக்கா... குடு."

"இதோ. ரெண்டே நிமிஷம். இப்ப விட்டா மொத்தத் துணியும் போச்சு."

தலையாட்டினாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை, மேடம். அக்காவுக்குத் தெரியாதா, அக்கா இன்னும் கொடுக்கவில்லை என்றால் இன்னும் அந்தக் கட்டம் வரவில்லை என்றுதான் நினைத்திருப்பாள். தன் மூச்சைவிட என் கணக்கை நம்புகிறவளாக நான்தானே வளர்த்தேன்.

ரெண்டு நிமிஷம் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். உதடு நிறம் மாறியது. முழங்கால் மடங்கி, மேசையில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். சாயும்போதும் காகிதம் கசங்காமல் பார்த்துத்தான் சாய்ந்தாள். கண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அந்தத் துணியை மேசையில் விரித்து, அளவு டேப் வைத்துக் காட்டினீர்கள். ஆம்புலன்ஸை அழைக்கிற வரையிலான ஐம்பது நிமிஷத்தில் வெட்டியிருப்பது ஒரு சாண் நீளம். நான் ஒரு கல்யாண உடை முழுவதையும் நாற்பது நிமிஷத்தில் வெட்டிவிடுவேன் என்று கடைக்காரர்களும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பற்றி அப்படி ஒரு பேர் இருக்கும்போது மெதுவாக வெட்டினேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் வெட்டவில்லை. அந்த ஒரு சாணுக்குப் பிறகு கத்திரியைத் துணியிலிருந்து எடுத்துவிட்டேன். காகிதத்துக்கு மேலே பிடித்து, சும்மா திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் கேட்கிற வரை அவள் கையை எடுக்கமாட்டாள் என்று தெரியும். அவள் விசில் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே செய்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஸ்பிரே அடித்ததும் தெரிந்தே செய்ததுதான். முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். கொன்றேன் என்ற வார்த்தை வேண்டும் என்றால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள், நன்றி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு வரியை மட்டும் மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தபோதும் அவள் விரலில் துணி இருந்தது, பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. ஆனால் அதன் கீழே, "துணி பாழாகிவிடும் என்று அக்கா சொன்னதை நம்பிப் பிடித்துக்கொண்டிருந்தார்" என்று இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். அவள் நினைத்திருந்தால் எந்த நிமிஷமும் அந்தக் கண்ணாடிக்கடைக்காரரிடம் ஓடியிருக்கலாம், கதவு தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. இந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனமே இல்லை என்று எழுதுங்கள்.