நகப்பூச்சுப் புள்ளிகள்

உங்கள் மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகுகிறது ஐயா. அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நின்றுவிடும். தப்பாக நினைக்காதீர்கள். மசினாப் பேட்டையில் எங்கள் ஜெபசபையின் ஒலி மிக்சருக்குப் பின்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்தவன் நான், எந்தச் சத்தம் கேட்டாலும் காது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். என் பெயர் இலோங்கோ. எக்கிலா என்கிற அந்தச் சிறுமி எப்படிச் செத்தாள் என்று பாஸ்டரையும் பொசெங்கேயையும் உள்ளே வைத்து விசாரிக்கிறீர்களாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நானாக வந்தது அதைச் சொல்லத்தான்.

பேஸ் கிதாரிலிருந்து தொடங்குகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. பொசெங்கே எங்கள் சபையில் பேஸ் வாசிப்பவன். எக்கிலா அவனுடைய செத்துப்போன அக்காவின் மகள், அவன் வீட்டில் வளர்ந்தாள். அவனுக்கு விரல் ஓடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வந்த புதிதில் அவன் வாசிப்பு ஈரச் சாக்கைத் தரையில் அடிப்பது மாதிரி பொத் பொத்தென்று விழும். எந்த சுரம் என்றே தெரியாது. நான்தான் கடை கடையாக அலைந்து ஒரு பெடலைத் தேடிப் பிடித்தேன். ஒரே தகரப் பெட்டிக்குள், சத்தத்தைத் தூக்கித் திருத்தும் ப்ரீஆம்பும் ஓவர்டிரைவும். வாசிப்பவன் காலடியில் கிடக்கும். கிதாரின் சத்தம் அதற்குள் புகுந்து வந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும்.

அந்தப் பெட்டியோடு ஒரு மழைக்காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தினேன். அடிச்சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். நடுச்சத்தம் என்று ஒன்று உண்டு, மனுஷக் குரல் குடியிருக்கும் இடம். எல்லோரும் அதை வெட்டித் தள்ளுவார்கள். நான் தூக்கிவிட்டேன். ஓவர்டிரைவ் என்பது சத்தத்தை அடுப்பில் வைத்துக் கருக விடுவது. அளவாகக் கருகினால் மணக்கும், தாண்டினால் தீய்ந்துபோகும். அது பேஸின் வயிற்றைத் தின்றுவிடும் என்பதால், கருகாத சத்தத்தையும் கூடவே கலக்க ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். சூட்சுமம் முழுக்க அந்தக் குமிழில்தான். அது எனக்குப் பிடிபட்ட ஞாயிற்றுக்கிழமை, பாட்டு வேகமெடுத்து எல்லோரும் ஆடுகிற சேபேன் பகுதியில் பொசெங்கே கம்பியைத் தொட்டான். முன்வரிசைக் கிழவிகள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து ஆடினார்கள்.

அன்றிலிருந்து சபை அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. குமிழ்கள் நகர்ந்துவிடக் கூடாதென்று, அவன் தன் மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து ஒவ்வொரு குமிழின் தலையிலும், அதற்கு நேராகப் பெட்டியிலும் ஒரு புள்ளி வைத்தான். நான் கட்டிய வீட்டை அவன் பெயரில் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு ஒரு ஒத்திகைக்கு லெம்பாவிலிருந்து பெரிய வாத்தியக் குழுவினர் வந்தார்கள். அதில் ஒருவன் கேட்டான்.

"தம்பி, இந்தச் சத்தத்த எங்கப்பா புடிச்ச?"

பொசெங்கே விரல்களை ஆட்டிக் காட்டினான். "எல்லாம் இதுலதான். பெட்டி சும்மா அலங்காரத்துக்கு."

"அப்ப அங்க உக்காந்திருக்கிறவரு?"

"இலோங்கோ அண்ணனா? வயரு சுத்தி வைப்பாரு. நல்லாவே சுத்துவாரு, குறை சொல்லக் கூடாது."

பாடகர் கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். விரலில்தானே இருக்கிறது, விரலே பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். என் பொருளை நான் திருப்பி எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் குமிழ்களின் மூடி வெறுமனே அழுத்திச் செருகியது. நகத்தால் நெம்பினால் கழன்று வரும். மூடியை எடுத்து, உள்ளே இருக்கும் தண்டைக் கொஞ்சம் திருகி, மூடியைப் பழையபடி புள்ளிக்கு நேராகச் செருகினேன். வெளியே பார்த்தால் எல்லாம் இருந்தபடியே இருக்கும். உள்ளே நடுச்சத்தம் இறங்கியிருக்கும், கருகல் ஏறியிருக்கும். ஒரே நாளில் செய்யவில்லை. ஆராதனைக்கு முன்னால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, வாராவாரம் கொஞ்சம். நான் அவசரக்காரன் இல்லை.

பொசெங்கே தவித்துப்போனான். குனிந்து குனிந்து புள்ளிகளைப் பார்ப்பான், நேராக இருக்கும். கம்பியை மாற்றினான், வயரை மாற்றினான். கடைசியில் என்னிடம் வந்தான்.

"அண்ணே, எங்கண்ணே போச்சு என் சத்தம்?"

"விரல்லதானடா இருந்துச்சு. அங்கயே தேடு."

அவன் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான். அன்று எனக்கு மரவள்ளிக் களியும் உப்புமீனும் வெகு ருசியாக இறங்கின.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு பொருள் கெட்டால் பொருளைப் பார்ப்போம். பொருளில் குறை இல்லையென்றால் வீட்டுக்குள் இருக்கிறவர்களைப் பார்ப்போம். புள்ளிகள் நேராக இருந்தன, ஆகவே பெட்டியில் குறை இல்லை. ஆகவே யாரோ சூனியத்தால் தின்கிறார்கள். பாஸ்டர் லுவம்பா ஜெபக்கூட்டத்தில் வைத்தே கேட்டார்.

"உன் வீட்டுல யாருப்பா உன் சத்தத்தத் திங்கிறது?"

பொசெங்கேயின் மனைவிதான் முந்திக்கொண்டாள். "அந்தப் புள்ள தூக்கத்துல பேசுது பாஸ்டர். பாயையும் நனைச்சுருது."

எக்கிலாவுக்கு எட்டு வயது இருக்கும். ஸ்பீக்கர் பெட்டிமேல் வெறுங்காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். பேஸ் அதிர்ந்து பாதத்தில் ஏறும்போது கூச்சத்தில் சிரிப்பாள். அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் விளையாடும்போது நான் பெடலின் மூடியைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறாள். கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கைகாட்டினாள்.

"நான் ஒண்ணும் திங்கல. இலோங்கோ மாமாதான் மூடியக் கழட்டி உள்ள திருகினாரு. நான் பாத்தேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கோபப்படவில்லை. பெடல் பெட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தேன்.

"பொசெங்கே, நீயே பாத்துச் சொல்லு. புள்ளி நேரா இருக்கா, இல்லியா?"

அவன் மண்டியிட்டுப் பார்த்தான். "நேராத்தாண்ணே இருக்கு."

"அப்ப நம்ம யாரு கண்ணுக்கும் படாதது இவ கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

நான் கேட்டது அவ்வளவுதான். சூனியக்காரியின் கண்ணுக்குத்தான் தெரியும் என்று பதில் சொன்னது பாஸ்டர். அவள்மேல் குற்றம் சாட்டியது நான் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் பின்னால் நாற்காலிகள் போட்டுவைக்கும் அறையில் அவளை அடைத்தார்கள். சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. இரண்டாம் நாள் பொசெங்கே பாஸ்டரின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சினான். "ஒரு வாய் தண்ணியாவது குடுத்துருவோம் பாஸ்டர். எங்கக்கா புள்ள."

"உன் சத்தம் திரும்பி வரட்டும். அவளுக்குள்ள இருக்கிறது போனதுக்கு அதுதான் அடையாளம்" என்றார் பாஸ்டர்.

கல்நெஞ்சக்காரன் என்று என்னைச் சொல்ல முடியாது ஐயா. அவளை அடைத்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிகளைக் கழற்றி, எல்லாத் தண்டுகளையும் பழைய இடத்தில் வைத்தேன். அவளுக்காகத்தான் வைத்தேன். லெம்பாக்காரர்கள் அன்று மறுபடி கேட்க வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது வேறு விஷயம். சத்தம் திரும்பி வந்தது ஜெபத்தால்தான் என்று பொசெங்கே உங்களிடம் சொல்லியிருக்கிறானாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகவே இவ்வளவு தூரம் நடந்து வந்தேன். ஜெபமும் இல்லை, விரலும் இல்லை. நான் கொடுத்தேன்.

முதல் சுரம் விழுந்ததுமே கூரைத் தகரம் சிலிர்த்தது. பொசெங்கே அழுதுகொண்டே வாசித்தான். கதவைத் திறக்கச் சொல்லிப் பாஸ்டரைப் பார்த்துத் தலையால் ஜாடை காட்டினான். பாஸ்டர் மைக்கிலேயே சொன்னார்: "இப்பதான் வெளிய வருது. பாதியில தெறந்தா மறுபடி புகுந்துரும். வாசி, வாசி." அவன் வாசித்தான். அவனைக் கோழை என்று சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன்.

தட்டுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. மேடையின் பின்சுவரை ஒட்டி ஒரு மைக் நின்றது. அதன் வழியாக என் ஹெட்போனில் மட்டும் வந்தது. உள்ளங்கையால் கதவைத் தட்டுகிற சத்தம். நடுவில் "மாமா" என்றும் கேட்டது. அவள் என்னையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள், பொசெங்கேயையும் அப்படித்தான், ஆகவே யாரைக் கூப்பிட்டாள் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்கலாம். கையில் சாவி இல்லை, ஆனால் அது வெறும் கொக்கிதான்.

லெம்பாக்காரர்கள் அப்போது மேடையை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குக் காது இருந்தது, பேஸின் அந்தச் சத்தம் யாரிடமிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டது. சேபேன் தொடங்கியது. தட்டல் தாளத்தில் சேரவில்லை, உறுத்தியது. நான் பேஸை ஏற்றினேன். அந்த மைக்கை இறக்கவில்லை, பேஸைத்தான் ஏற்றினேன். கூட்டம் ஆடியது. கொஞ்ச நேரத்தில் தட்டல் நின்றுபோனது. அவள் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன் ஐயா, ஆனாலும் பாட்டு முடிகிறவரை நான் பேஸை இறக்கவில்லை.